பத்து வருஷம் ஏழு மாசம்

என் தம்பி ஜலீல் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும், அவர்கள் உட்காரச் சொல்வதற்கு முன்பே, "மெத்தை எப்படி இருக்கு?" என்று கேட்டுவிடுவான். பிள்ளைகள் சுகமா, மழை உண்டா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். அது அவன் தைத்துக் கொடுத்த மெத்தையாக இருந்துவிட்டால் பேச்சோடும் நிற்க மாட்டான். உள்ளங்கையை விரித்து மெத்தையின் நடுவில் அழுத்துவான். கையை எடுத்துவிட்டுக் குனிந்து, பள்ளம் மேலே எழும்பி வருகிறதா என்று பார்ப்பான். இதனால் காஜிமார் தெருவில் அவனுக்கு மெத்தை டாக்டர் என்று பெயர். "டாக்டரே, எங்க வீட்டுத் தலகாணிக்கு ராத்திரியில இருந்து காய்ச்சல், ஒரு எட்டு வந்து பாருங்க" என்று கூப்பிடுவார்கள். அவனும் முகம் மாறாமல், "வெயில்ல போட்டீங்களா? எத்தனை நாள்?" என்று கேட்பான்.

அவனுக்கு நான் நாலு வயது மூத்தவள். நான் நாலாம் வகுப்பு வரை படித்தேன். அவன் இரண்டாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு அத்தாவோடு பஞ்சு அடிக்க உட்கார்ந்தவன். எழுதத் தெரியாது. ஆனாலும் மதுரையில் எந்த வீட்டு மெத்தையைக் காட்டினாலும், அவன் கைப்பட்டதாக இருந்தால், எந்த வருஷம் தைத்தது என்று சொல்லிவிடுவான். அதற்கு அவன் ஒரு வழி வைத்திருந்தான். மெத்தையின் கால்மாட்டு மூலையில், தையலுக்கு உள்பக்கமாக, ஒரு விரற்கடை நீளத்துக்கு வண்ண நூல் ஒன்றை முடிந்துவிடுவான். 1931-க்கு மஞ்சள். 1932-க்குப் பச்சை. வருஷத்துக்கு ஒரு வண்ணம். அந்த நூல்கள் மகாலுக்குப் பின்னால் சாயப்பட்டறை வைத்திருந்த ஜனகராஜ் வீட்டிலிருந்து வரும். அவர் பட்டுநூல்காரர். எங்கள் அத்தா காலத்திலிருந்து எங்களுக்குப் பழக்கம். ஜலீல் சின்ன வயதில் பாதி நாள் அந்தப் பட்டறையில்தான் கிடப்பான். அவர்கள் வீட்டுப் பாஷையும் அவனுக்கு அங்கேதான் ஒட்டிக்கொண்டது.

நாங்கள் பஞ்சு அடிக்கிற குடும்பம். ஆள் உயரத்துக்கும் கூடுதலான வில், அதில் இழுத்துக் கட்டிய ஆட்டு நரம்பு, அதைத் தட்டுவதற்கு மரக் கொட்டாப்புளி. இந்த மூன்றும்தான் எங்கள் வீட்டுச் சொத்து. நரம்பைப் பஞ்சுக்குள் வைத்துத் தட்டினால் கட்டியாகக் கிடந்த பருத்தி நுரை மாதிரி எழும்பி விழும். நாலு தலைமுறையாக இதைத்தான் செய்தோம். அத்தா காலத்தில் கல்யாணச் சீருக்கு இலவம்பஞ்சு மெத்தை கேட்க ஆரம்பித்தார்கள். எழுமலையிலிருந்து மொக்கையன் என்பவர் சித்திரை மாதம் வண்டியில் இலவம்பஞ்சு மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்குவார். எங்கள் தெருவில் எல்லோரும் பருத்தியை அடிக்கிற மாதிரியே அதையும் வில்லில் போட்டு அடித்தார்கள்.

1930-ல் அத்தா மவுத்தாகி அடக்கமானார். ஜலீலுக்கு அப்போது பத்தொன்பது வயது. என் வீட்டுக்காரர் பினாங்கில் கடையில் இருந்ததால் நான் அம்மாவோடு இருந்தேன். துணி வெட்டுவதும் உறை தைப்பதும் நானும் அம்மாவும். பஞ்சு அடிப்பதும் நிரப்புவதும் ஜலீல். மெத்தை எத்தனை நாள் வரும் என்று யாராவது கேட்டால், மற்ற கடைக்காரர்கள் உங்கள் ஆயுசுக்கும் வரும் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஜலீல் மட்டும் கணக்கு வைத்துச் சொல்வான். இன்ஷா அல்லாஹ் பத்து வருஷம். பங்குனி வெயிலில் வருஷத்துக்கு மூன்று நாள் காயப் போட வேண்டும். தண்ணீர் படக் கூடாது. பத்து முடிந்தால் பஞ்சை மாற்றிவிட வேண்டும், பாசத்துக்காக வைத்துக்கொள்ளக் கூடாது. பழைய மெத்தையைச் சாகவிட மாட்டேன் என்கிறவர்களைப் பார்த்தால் அவனுக்குச் சிரிப்பு வரும்.

1932 ஆவணியில் ஜனகராஜின் மகள் வசுந்தராவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை நாகசுப்பிரமணியன், திருப்பரங்குன்றத்தில் ஜவுளிக் கடை வைத்திருந்தார். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. வீடு முழுக்க அவர் அம்மா ராதாமணியின் கையில். சீர் மெத்தையை ஜலீல்தான் தைத்தான். ஆறேகாலடி நீளம், நாலரையடி அகலம், இருபத்தெட்டு ராத்தல் இலவம்பஞ்சு. கோடு போட்ட கனத்த துணி. மூலையில் பச்சை நூல். அவன் அதுவரை தைத்ததிலேயே அதுதான் பெரிது. மூட்டையில் பஞ்சு மிஞ்சியது. அம்மா, அக்காவுக்கு ஒன்று போட்டுக் கொடுடா என்றதால், ஒற்றை ஆள் படுக்கிற மாதிரி எனக்கும் ஒரு மெத்தை. அதிலும் பச்சை நூல்.

இரண்டரை வருஷம் போயிற்று. 1935 தை மாதம் ஒருநாள் காலையில் ஜனகராஜ் ஆள் அனுப்பி ஜலீலை வரச் சொன்னார். நானும் நூல் வாங்கப் போக வேண்டியிருந்ததால் கூடவே போனேன். அங்கே போய்ப் பார்த்தால் பட்டறை வாசலில் ஒரு மாட்டுவண்டி நிற்கிறது. வசுந்தரா தலைப்பிரசவத்துக்காக ஏழாம் மாதத்தில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். கை நிறைய வளைகாப்பு வளையல். வண்டியில் அவளுக்குப் பின்னால், சுருட்டிக் கயிறு கட்டிய மெத்தை.

தலைப்பிரசவத்துக்கு வருகிற பெண்ணோடு பட்சணம் வரும், பூ வரும். சீர் மெத்தை வந்து நான் பார்த்ததில்லை. ஜனகராஜ் மெத்தையை இறக்கி முற்றத்தில் விரிக்கச் சொன்னார். நடுவில் பெரிய பள்ளம். ஓரங்களில் தேங்காய் தேங்காயாகக் கட்டிகள். ஜலீல் உள்ளங்கையை வைத்து அழுத்திவிட்டு எடுத்தான். பள்ளம் அப்படியே கிடந்தது.

வசுந்தரா தூணில் சாய்ந்து உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். முதல் வருஷமே மெத்தை அமுங்க ஆரம்பித்துவிட்டதாம். இரண்டாம் வருஷம் அவள் வீட்டுக்காரர் கீழே பாய் விரித்துப் படுக்கத் தொடங்கியிருக்கிறார். அதிலிருந்து ராதாமணி அம்மாள், வருகிறவர் போகிறவரிடமெல்லாம், மகாலுக்குப் பின்னால் பஞ்சுக்குப் பஞ்சமாகிவிட்டது போலிருக்கிறது, சம்பந்தி தவிட்டை அடைத்துக் கொடுத்துவிட்டார் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். ஒழுங்காகப் படுக்கத் தெரியாத பெண் என்றும் ஒரு பேச்சு. புறப்படுகிற அன்று வண்டியில் மெத்தையை ஏற்றச் சொன்னவரும் அவரேதான்.

"உங்க அப்பா குடுத்த மூட்டையையும் எடுத்துட்டுப் போன்னாங்கண்ணே. தெருவே நின்னு பாத்துச்சு," என்றாள். பிறகு வளையலை ஒன்றொன்றாக மேலே தள்ளிக்கொண்டே, "பிள்ளையத் தூக்கிட்டு நான் எந்த மூஞ்சியோட அந்த வீட்டுக்குள்ள திரும்பப் போவேன்?" என்று கேட்டாள்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஜலீலுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். அவன் அப்போதே கத்தரிக்கோலை எடுத்து, பிரித்துப் பார்த்துவிடுகிறேன் என்றான். வசுந்தராவின் அம்மா குறுக்கே வந்துவிட்டார். வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில் எதையும் வெட்டவோ கிழிக்கவோ கூடாது, அதுவும் அவளுடைய கல்யாண மெத்தையை வேறு எங்கே கொண்டுபோயும் கிழிக்கக் கூடாது, பிள்ளை பிறந்து தீட்டுக் கழியட்டும் என்றார். அவர் சொன்னதை யாரும் தட்டவில்லை. மெத்தை சுருட்டப்பட்டு மாடிக்குப் போயிற்று.

திரும்பி வரும் வழியெல்லாம் ஜலீல் மொக்கையனைத்தான் திட்டிக்கொண்டு வந்தான். பழைய பஞ்சைக் கலந்துவிட்டார், முற்றாத காயை உடைத்துவிட்டார் என்று. அந்த வாரமே மொக்கையன் மாடு விற்க உசிலம்பட்டிச் சந்தைக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, பஸ் ஏறிப் போய்விட்டான். சந்தையில் நாலு பேருக்கு நடுவில் வைத்துக் கேட்டிருக்கிறான். மொக்கையன் கோபப்படாமல் மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டே கேட்டாராம்: "அம்புட்டும் ஒரே மரத்துப் பஞ்சு தம்பி. ஒரே நாள்ல உடைச்ச காய். குறை இருந்தா அந்த மூட்டை பூராவும் குறை இருக்கணும்ல? மிச்சப் பஞ்ச என்ன செஞ்ச? அதப் போயி பாரு. அப்பறம் வந்து என்னைய வையி."

மிச்சப் பஞ்சு என் மெத்தையில் இருந்தது.

ஜலீல் சாயங்காலம் வந்தவன், செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றபடி, "அக்கா, உன் மெத்தையப் பிரிக்கணும்" என்றான். பிரிடா என்றேன். கால்மாட்டுத் தையலை வெட்டி, பச்சை நூலைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, கையை உள்ளே விட்டு ஒரு பிடி பஞ்சை இழுத்தான். தூசி பறக்கும் என்று நான் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டேன். தூசி பறக்கவில்லை. பஞ்சுதான் பறந்தது. அறை முழுக்க மிதந்து, அம்மாவின் தலையில் இறங்கி, உலையில் விழுந்தது. புதுப் பஞ்சு மாதிரி பளபளவென்று இருந்தது.

ஒரே மரம், ஒரே மூட்டை, ஒரே துணி, ஒரே வாரம். ஒன்று கட்டி, ஒன்று பஞ்சு. ஜலீல் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒருவேளை இரண்டு பேர் படுத்ததால் இருக்குமோ என்றார் அம்மா. அப்படியானால் கல்யாணமான வீட்டுக்கெல்லாம் மெத்தை எதற்கு என்றான் அவன்.

எனக்குத்தான் ஞாபகம் வந்தது. அந்த ஆவணியில், வசுந்தராவின் மெத்தைக்குப் பஞ்சு அடித்து முடித்த வியாழக்கிழமை, வில் நரம்பு அறுந்துவிட்டது. மறுநாள் ஜும்மா. நரம்பு விற்கிறவர் சனிக்கிழமைதான் வருவார். அம்மா, நரம்புக்காகக் காத்திருக்காதே, மாடியில் போட்டு விளாரால் அடி என்று சொல்ல, நான்தான் இரண்டு புளிய விளாரை வைத்துக்கொண்டு வெயிலில் அந்த மிச்சப் பஞ்சைத் தட்டித் தட்டி உதறினேன். ஜலீல் கீழே உட்கார்ந்து கல்யாண மெத்தைக்கு நூல் குத்திக்கொண்டிருந்தான். குச்சியால் அடித்ததெல்லாம் ஒரு மெத்தையா, ஆறு மாதம் தாங்குமா பார் என்று மேலே பார்த்துக் கேலி செய்தான்.

இதைச் சொன்னதும் அவன் எழுந்து வில்லை எடுத்தான். என் மெத்தையிலிருந்து ஒரு பிடியை வைத்து நரம்பைத் தட்டினான். நன்றாகத்தான் எழும்பியது. விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தபோதுதான் இழைகள் துண்டு துண்டாக ஒடிந்திருந்தது தெரிந்தது. பருத்தி இழை நீளமானது, நரம்பு அடித்தால் பிரியும். இலவம் மெல்லியது. நரம்பு அடித்தால் ஒடியும். ஒடிந்த பஞ்சு அன்றைக்கு நுரை மாதிரி நின்றுவிட்டு, ஆள் படுக்கப் படுக்கத் தூளாகி, வியர்வையோடு சேர்ந்து கட்டியாகிவிடும். எங்கள் தெருவில் யாருக்கும் இது தோன்றவில்லை. பஞ்சு என்றால் வில். வேறு வழியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே எங்களுக்கு வராது.

"அப்ப அம்புட்டு வீட்டு மெத்தையும் இப்படித்தானே இருக்கும்," என்றான் ஜலீல். அதற்கு மேல் அன்று சாப்பிடவில்லை.

விஷயம் எப்படியோ வெளியே போயிற்று. மறுநாள் சேக் இஸ்மாயில் மாமு வந்தார். அம்மாவுக்குச் சித்தப்பா மகன். தெருவிலேயே பெரிய வில் கடை அவருடையது. அவர் சத்தம் போடவில்லை. பொறுமையாகத்தான் பேசினார். திருப்பரங்குன்றம் மலையடிவாரம், வீட்டில் ஈரம் ஏறும், ஈரத்தால் கெட்டது என்று சொல், யாரும் மறுக்க மாட்டார்கள். பாவம் என்று ஒரு புது மெத்தை தைத்துக் கொடுத்துவிடு, பெண்ணும் புருஷன் வீட்டுக்குத் திரும்பிவிடும் என்றார். கடைசியில் எழுந்துபோகும்போது மட்டும், "வில்லுல குறைன்னு நீ சொன்னா, அது உங்க அத்தாவையும் சேத்துத்தாண்டா சொல்றது" என்றார்.

ஜலீல் இரண்டு நாள் யோசித்தான். ஈரம் என்று சொன்னால் மெத்தையை வைத்திருந்தவள் மேல் பழி விழும், அது திரும்பவும் வசுந்தரா தலையில்தான் போய் நிற்கும் என்றான் என்னிடம். புது மெத்தை மட்டும் கொடுத்தால், சம்பந்தி பயந்துபோய்க் கொடுத்தார் என்பார்கள். மூன்றாம் நாள் வண்டி பேசினான். வில், கொட்டாப்புளி, இரண்டு விளார், என்னுடைய மெத்தை. என் மெத்தை போகிற இடத்துக்கு நானும் போக வேண்டும் என்று சொல்லி, நானும் துப்பட்டியைப் போட்டுக்கொண்டு ஏறிவிட்டேன்.

ராதாமணி அம்மாள் உயரமானவர். கருநீலப் புடவை கட்டியிருந்தார். எங்களை வாசலிலேயே நிறுத்தி என்ன என்று கேட்டார். ஜலீல், வசுந்தராவின் சீர் மெத்தையைத் தைத்தவன் நான், அது எதனால் கெட்டது என்று காட்ட வந்திருக்கிறேன் என்றான். அவர் பக்கத்து வீட்டுப் பெண்மணியின் பக்கம் திரும்பி, தங்கள் பாஷையில் ஏதோ சொல்லிச் சிரித்தார். எனக்குப் புரியவில்லை. ஜலீலுக்குப் புரிந்தது. அவன் தமிழிலேயே பதில் சொன்னான்.

"சம்பந்தி சொல்லிக் குடுத்து வரலைம்மா. நான் வந்ததே அவருக்குத் தெரியாது."

ராதாமணி அம்மாளின் சிரிப்பு நின்றது. சரி காட்டுங்க என்றார்.

அவன் வாசலில் வெள்ளை வேட்டி ஒன்றை விரித்தான். என் மெத்தையிலிருந்து இரண்டு பிடி பஞ்சு எடுத்தான். ஒரு பிடியை விளாரால் தட்டினான். அது உதிர்ந்து, காற்றில் ஏறி, சாவகாசமாக வந்து வேட்டியில் இறங்கியது. இன்னொரு பிடியை வில்லில் போட்டான். டொய்ங் டொய்ங் என்று அந்தச் சத்தம் கேட்டுத் தெருவில் ஆட்கள் கூடிவிட்டார்கள். வெயிலில் வெள்ளைப் பொடி எழும்பி, ராதாமணி அம்மாளின் கருநீலப் புடவையில் மாவு தெளித்த மாதிரி படிந்தது. அவர் புடவையைத் தட்டினார். போகவில்லை. ஜலீல் இரண்டு பிடியையும் அவர் கையில் கொடுத்து, கசக்கிப் பார்க்கச் சொன்னான். ஒன்று கசங்கிவிட்டு விரிந்தது. மற்றது உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது.

"பஞ்சு நல்ல பஞ்சு. துணி நல்ல துணி. குடுத்தவங்க மனசும் நல்ல மனசு. அடிச்ச கை தப்பு. அது என் கை," என்றான்.

அத்தா கற்றுக் கொடுத்தது என்று அவன் சொல்லவில்லை. எங்கள் தெருவில் எல்லோரும் இப்படித்தான் அடிக்கிறோம் என்றும் சொல்லவில்லை. என் கை என்று மட்டும்தான் சொன்னான். கூட்டத்தில் நின்ற நான் அதைக் கேட்டேன்.

ராதாமணி அம்மாள் உள்ளங்கையில் இருந்த தூளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "அப்ப இத்தனை நாளா நான் அந்தப் பிள்ளையப் பேசினது?" என்றார்.

"அது எனக்கு வர வேண்டிய பேச்சும்மா. விலாசம் மாறிப் போயிருச்சு. இப்ப என்கிட்டயே சொல்லிருங்க, வாங்கிக்கிறேன்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ராதாமணி அம்மாள் சிரிக்கவில்லை. உள்ளே பார்த்து மோர் கொண்டுவரச் சொன்னார். நாங்கள் குடித்து முடித்தோம். அதன் பிறகு, மாற்றித் தரப்போகிற புது மெத்தை எத்தனை வருஷம் வரும் என்று கேட்டார். பத்து என்றான் ஜலீல். போன தடவையும் பத்து என்றுதானே சொன்னீர்கள் என்று மடக்கினார்.

"போன தடவை சொன்னது வாய். இந்தத் தடவை சாட்சி இருக்கு." என் மெத்தையைத் தட்டிக் காட்டினான். "இது உங்களுக்கு வரப்போறதுக்கு மூணு வருஷம் மூத்தது. இது என்னைக்குப் போகுதோ அன்னைக்குக் கணக்கு தெரிஞ்சிரும். மறைக்காம வந்து சொல்றேன்."

என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் மெத்தையைச் சாட்சியாக வைத்துவிட்டான். நான் வண்டியில் வரும்போது அதைச் சொல்லிக் காட்டினேன். அதற்கு அவன், நீ இனிமேல் மெத்தையில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது அக்கா என்றான்.

பங்குனியில் வசுந்தராவுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. சித்திரையில் மொக்கையன் வண்டி வந்தது. ஜலீல் முதல் வேலையாக அவரிடம் மன்னிப்புக் கேட்டான். அவர், அதெல்லாம் கிடக்கட்டும், மாடு நல்ல விலைக்குப் போச்சு என்று சொல்லிவிட்டார். புதுப் பஞ்சை அவனும் நானும் அம்மாவும் மாடியில் போட்டு நாலு நாள் விளாரால் தட்டினோம். வில்லில் பத்து நாழிகையில் முடிகிற வேலை. 1935-க்கு அரக்கு நூல். ஆனி மாதம் வசுந்தரா மூன்று மாதப் பிள்ளையோடு திருப்பரங்குன்றம் போனபோது அதே மாட்டுவண்டியில் புது மெத்தையும் போயிற்று. வாசலில் நின்று ஆரத்தி எடுத்தவர் ராதாமணி அம்மாள். பிள்ளையை வாங்கும் முன், வண்டிக்காரனிடம், மெத்தையைப் பார்த்து இறக்கு, எங்கள் மருமகள் வீட்டுச் சீர் என்று தெரு கேட்கிற மாதிரி சொன்னாராம். வசுந்தரா இதைப் பிறகு ஒரு பத்துத் தடவையாவது என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

ஜலீல் அதோடு நிற்கவில்லை. மஞ்சள் நூல், பச்சை நூல், அதற்குப் பிந்திய நூல் என்று, தான் கொடுத்த ஒவ்வொரு இலவம்பஞ்சு மெத்தையையும் தேடிப் போனான். வீட்டுக்கு வீடு, என் கைத் தப்பு, மாற்றித் தருகிறேன் என்று சொன்னான். இரண்டு வருஷம் ஆயிற்று. சிலர் இனிமேல் உன்னிடம் வர மாட்டோம் என்றார்கள். பலர் இப்படி ஒரு மெத்தைக்காரனா என்று ஆளைப் பார்க்கவே வந்தார்கள். சேக் இஸ்மாயில் மாமு ஒரு வருஷம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அதற்கடுத்த சித்திரையில் அவர் வீட்டு மாடியில் விளார்ச் சத்தம் கேட்டது. என்ன மாமு என்று ஜலீல் கேட்டதற்கு, நரம்பு அறுந்துபோச்சு என்றார். அவருக்கு அந்த நரம்பு கடைசி வரை அறுந்தே இருந்தது.

என் மெத்தை மட்டும் அவனுக்கு அளவுகோலாகிவிட்டது. ஒவ்வொரு பங்குனியும் வெயிலில் போட்டு, தராசில் தொங்கவிட்டு எடை பார்ப்பான். பஞ்சு எடை குறைந்தால் தூளாகிக் கொட்டுகிறது என்று அர்த்தம். பத்து வருஷத்தில் அரை ராத்தல்தான் குறைந்தது. 1943 பங்குனியில் மூன்று நாள் வெயில் காட்டிய பிறகும் இடுப்பு படுகிற இடத்தில் பள்ளம் எழும்பவில்லை. தட்டினால் கீழே விரித்த துணியில் மாவு விழுந்தது. ஒரு பிடியை எடுத்து மேலே வீசினான். பஞ்சு மிதக்காமல் நேராகக் கீழே வந்தது. காலையில் எழும்போது எனக்கும் சில நாட்களாக இடுப்புப் பிடித்துக்கொண்டிருந்தது. வயதாகிவிட்டது என்று நினைத்து நான் சொல்லாமல் இருந்துவிட்டேன். அதற்காக அவன் என்னைக் கோபித்துக்கொண்டான். வயசு உனக்கு ஆகலை அக்கா, பஞ்சுக்கு ஆயிருச்சு என்றான். விரல் விட்டு எண்ணினோம். 1932 ஆவணி முதல் 1943 பங்குனி வரை. பத்து வருஷம் ஏழு மாசம். அன்றைக்கே ஒருநடை திருப்பரங்குன்றம் போய் ராதாமணி அம்மாளிடம் சொல்லிவிட்டு வந்தான்.

1945 ஆனியில் வசுந்தராவின் மெத்தைக்குப் பத்து வருஷம் முடிந்தது. சண்டைக் காலம், துணிக்குக் கட்டுப்பாடு. இருந்தாலும் ஜலீல் ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த துணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு புறப்பட்டான். நானும் போனேன். வசுந்தராவின் இடுப்பில் சாவிக்கொத்து தொங்கியது. மூத்தவன் பள்ளிக்கூடம் போயிருந்தான். ராதாமணி அம்மாளுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. ஆனால் குரலில் நரையில்லை.

ஜலீல் மெத்தையை அழுத்திப் பார்த்தான். எழும்பியது, ஆனாலும் முன்பைப் போல இல்லை. பத்து ஆகிவிட்டது, மாற்றிவிடலாம் என்றான்.

"உங்க அக்கா மெத்தை எத்தனை வருஷம் வந்துச்சு பாய்?" என்று கேட்டார் ராதாமணி அம்மாள்.

"பத்து வருஷம் ஏழு மாசம்மா. நாந்தான் வந்து சொன்னேனே."

"அப்ப எனக்கு இன்னும் ஏழு மாசம் இருக்கு. போயிட்டு வாங்க."

ஜலீல் என்னென்னவோ சொல்லிப் பார்த்தான். ஒற்றை ஆள் படுத்ததும் இரண்டு பேர் படுத்ததும் ஒன்றாகாது என்றான். அது உங்க கவலை, சாட்சி வச்சது நீங்க, சாட்சி சொன்னபடிதான் நடக்கணும் என்றார் ராதாமணி அம்மாள். வசுந்தரா கதவுக்குப் பின்னால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். கடைசியில் நாங்கள் மோர் குடித்துவிட்டுத் துணியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தோம்.

தை பிறந்து இரண்டாம் நாள் திருப்பரங்குன்றத்திலிருந்து ஆள் வந்தது. ஏழு மாசம் முடிஞ்சு போச்சு, டாக்டர் ஏன் இன்னும் வரலை என்று கேட்டு. ஜலீல் போய், வாசலிலேயே மெத்தையைப் பிரித்தான். ஒரு பிடியை எடுத்து ராதாமணி அம்மாளிடம் கொடுக்க, அவரே மேலே வீசிப் பார்த்தார். நேராகக் கீழே விழுந்தது. சரி, போயிருச்சு என்று அவரே தீர்ப்புச் சொன்னார். மூலையில் இருந்த அரக்கு நூலை வசுந்தரா கேட்டு வாங்கி, சாவிக்கொத்தில் கட்டிக்கொண்டாள். புது மெத்தைக்கு ஊதா நூல்.

வேலை முடிந்து நாங்கள் வண்டி ஏறும்போது ராதாமணி அம்மாள் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, நீங்க புது மெத்தை எப்பப் போட்டீங்க?"

1943 சித்திரையில் என்றேன். அவர் வாசற்படியிலேயே நின்று, விரல்களை மடக்கி எண்ண ஆரம்பித்தார்.